தொட்டிலில் குழவிக்கல்

என் மகளுக்குப் பசித்தால் நான் வேண்டும். துணி நனைந்தால் நான் வேண்டும். கொசு கடித்தாலும் என்னைத்தான் தேடுவாள். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் நான் ஆகாது. அது என் நாத்தனாரின் கையில் இருந்தது.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்ச் சேலைத் தொட்டிலில் போடுவாள். ஒரு கையால் தொட்டிலை இழுத்துக்கொண்டே தாலாட்டை எடுப்பாள். பாட்டு இரண்டாம் சுற்றுக்கு வருவதற்குள் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். அதே தொட்டிலை நான் ஆட்டி, அதே பாட்டைப் பாடினால், வீடு மாறி வந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீறிடுவாள்.

"ஒனக்குக் கைராசி இல்லத்தா, விடு" என்று என் மாமியார் சமாதானம் சொல்லுவார். அந்தச் சமாதானத்துக்கு அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

எங்கள் வீடு தல்லாகுளத்தில். மாமனார் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி கிளப் வைத்திருந்தார். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், மேலூர்ப் பக்கமிருந்து வயிற்றெரிச்சலோடு வழக்குக்கு வந்த சனங்கள் என்று எல்லோருக்கும் காலையில் இட்லி அங்கேதான். அவ்வளவு இட்லிக்கும் மாவு எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்து ஆட்டுரலில் ஆடியாக வேண்டும். ஆட்டுகிறவள் நான். மத்தியானம் குழவியைப் பிடித்தேன் என்றால் வெயில் இறங்கும்வரை விடமுடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் பாடுவாள், இந்தப் பக்கம் நான் ஆட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு கிடையாது, கிளப்பும் கிடையாது. அதனால் சனிக்கிழமை மட்டும் என் கைக்கு ஓய்வு.

சனிக்கிழமைகளில் இன்னொன்றும் நடக்கும். அன்றைக்கு நாத்தனார் பாடினாலும் பிள்ளை தூங்காது. எவ்வளவு பாடினாலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கும், அப்புறம் அழும். "பாத்தியா, கிழமைய! சனி பகவான் பிள்ளையப் பிடிச்சு ஆட்டுறாரு" என்று மாமியார் கண்டுபிடித்தார். சனிக்கிழமை தவறாமல் எள்ளுச்சோறு ஆக்கிக் காக்கைக்கு வைத்தோம், நல்லெண்ணெய் விளக்கும் போட்டோம். காக்கைகள் கொழுத்தன. பிள்ளை தூங்கியபாடில்லை.

அந்தத் தாலாட்டு எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் பாடுவதுதான். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு யார் யார் என்னென்ன சீர் கொண்டுவந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். மாமன்தான் அதில் முக்கியமான ஆள். என் நாத்தனார் பாடும்போது மாமனைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டு அத்தையை ஏற்றிவிடுவாள். வெள்ளிக் கிலுகிலுப்பை கொண்டுவருவது அத்தை, பட்டுச் சட்டை தைத்து வருவது அத்தை. அழகர் மலையிலிருந்து ஒரு யானைகூட வரும். அம்மா மட்டும் பாட்டில் எந்த இடத்திலும் வரமாட்டாள். மாவு ஆட்டிக்கொண்டே அதை நான் தினமும் கவனிப்பேன். சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

பங்குனியில் நாத்தனாருக்குச் சோழவந்தானில் மாப்பிள்ளை அமைந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நல்ல குடும்பம். வைகாசியில் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். வந்தவர்கள் வண்டி ஏறியதும் அவள் அடுப்படிக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் போயிட்டா பிள்ளைய யாரு மதினி தூங்கவைக்கிறது? அடுத்த தைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள அது நடந்துரும், பேசிரும்."

மாமியார் காதில் விழுந்துவிட்டது. "பிள்ளை தூங்கலைன்னு கல்யாணத்தத் தள்ளிவைக்கிற குடும்பம் எங்கயாச்சும் இருக்காடி?" என்று ஒரே போடாகப் போட்டார். ஆனால் அவருக்கும் கவலைதான். பிள்ளை தூங்கவில்லை என்றால் நான் மாவு ஆட்ட முடியாது. மாவு இல்லை என்றால் கிளப் இல்லை. எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. இவள் போன மறுநாள் என் பிள்ளை தொட்டிலில் கிடந்து அவளைத் தேடி அழும், தெருவே கேட்கும், பெற்றவளால் பிள்ளையை அமர்த்த முடியவில்லை என்று ஆகிவிடும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

வழி சொன்னவர் என் வீட்டுக்காரரின் சேக்காளி. கோரிப்பாளையத்தில் கடிகாரக்கடை வைத்திருந்த பாய். ஊரில் சினிமா பேச ஆரம்பித்துவிட்ட காலம் அது. வசதியான வீடுகளில் கிராமபோனில் தட்டுப் போட்டுப் பாட்டுக் கேட்டார்கள். தட்டு வருவதற்கு முந்தின தினுசு ஒன்று உண்டு, மெழுகுக் குழாயைச் சுற்றவிட்டுப் பாடுகிற பெட்டி. ஏதோ வக்கீல் வீட்டில் வேண்டாம் என்று தள்ளிய ஒன்றை பாய் வாங்கி, கழற்றி மாட்டிச் சரிபண்ணி வைத்திருந்தார். தட்டுப் பெட்டி அடுத்தவர் பாடியதைத்தான் பாடும். இந்தப் பெட்டியில் நாமே பாடிப் பதித்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் மெழுகை மேலாகச் சீவிவிட்டு மறுபடியும் பாடலாம்.

"தங்கச்சி போனா என்ன மாப்ள, தங்கச்சி கொரல் இங்ஙனயே இருக்கும். சாவியக் கொடுத்தாப் பாடும். சோறும் கேக்காது, சேலையும் கேக்காது" என்றார்.

சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடும் என்று குழாய்களை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். பிள்ளை நடுவில் இருமினால், அழுதால் அதுவும் மெழுகில் ஏறிவிடுமே என்று, மாமனார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டார். பாய் மேசைமேல் பெட்டியை வைத்து, ஊமத்தம்பூ மாதிரி விரிந்த குழலை மாட்டி, நாத்தனாரை அதன் முன்னால் நிறுத்தினார்.

அவள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டே பாடினாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பாட்டு ஓடியது. யானை வரவேண்டிய இடத்தில் கிலுகிலுப்பை வந்தது. பாதியில் நின்று, "அண்ணே, தொட்டிலு இல்லாம எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்றாள். அதுவும் மெழுகில் ஏறிவிட்டது. திருப்பிப் போட்டபோது பெட்டி அவள் குரலிலேயே அதைச் சொல்ல, மாமியார் மார்பில் கைவைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். பாய் சிரித்துக்கொண்டே மெழுகைச் சீவினார்.

சரி, தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடட்டும் என்று தொட்டிலடிக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். நாத்தனார் தொட்டிலைத் தொட்டாள், தொடவில்லை, மாமியார் பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"வெறுந் தொட்டில ஆட்டுவாகளா? பிள்ளைக்கு ஆகுமாடி அது?"

வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். பிள்ளையைப் போட்டால் சத்தம், போடாவிட்டால் தோஷம். பாய் தாடியைச் சொறிந்தார். என் வீட்டுக்காரர் தலையணையைப் போடலாம் என்றார். "தலகாணி என்ன உசுருள்ள பொருளா?" என்று மாமியார் மடக்கினார். பிறகு அவரே விடை சொன்னார். எங்கள் வழக்கத்தில் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது, முதலில் குழவிக்கல்லைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவோம். கல்மாதிரி ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று. அந்தக் குழவியையே இன்றைக்கும் போடலாம் என்றார்.

பேர் வைக்கிற அன்றைக்குப் போட்டது அம்மிக் குழவி. அது அந்தச் சமயம் அம்மி கொத்துகிறவனிடம் போயிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த குழவி என் ஆட்டுரல் குழவி ஒன்றுதான்.

"அதத் தூக்கிட்டா மாவு யாரு ஆட்டுறது?" என்று கேட்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "நீ ஆட்டுனா அந்தக் கடமுடா வேற மெழுகுல ஏறிரும். பேசாம ஒக்காரு."

அவர் ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமுமாகக் குழவியைத் தூக்கிவந்தார்கள். மாமியார் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, கண்ணேறு படாமல் இருக்கக் கன்னம் என்று அவர் நினைத்த இடத்தில் மையும் வைத்தார். தொட்டில் தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கியது. நாத்தனார் இழுத்தாள். பாட்டு வந்தது. எங்கேயும் தட்டாமல், மூச்சு வாங்காமல், மத்தியானங்களில் நான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிற அதே குரல். அத்தை வந்தாள், கிலுகிலுப்பை வந்தது, யானை வந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வேலை இல்லாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு, என் குழவிக்கல்லுக்கு அவள் தாலாட்டுப் பாடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வண்டி ஏறும்போது நாத்தனார் தாயைக் கட்டிக்கொண்டு அழவில்லை, என் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பெட்டி பாடும்டி தங்கம், அத்தை பெட்டிக்குள்ள இருக்கேன்டி" என்றாள். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். வீட்டுக்காரர் கிளப்பிலிருந்து இதற்கென்றே வந்து சாவி கொடுத்தார். குழலிலிருந்து நாத்தனார் பாடினாள். கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருந்தாலும் அவளேதான். பிள்ளை தலையைத் தூக்கிக் குழலைப் பார்த்தாள், அத்தையைத் தேடி அறை முழுக்கக் கண்ணை ஓட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் தொடங்கிய அழுகை சாயங்காலம்வரை ஓயவில்லை. மாவு ஆடவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். நான் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டினேன், பெட்டியோடு சேர்ந்து பாடினேன், பெட்டியை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடினேன், தோளில் போட்டு நடந்தேன். ராத்திரிப் பிள்ளையை அமர்த்திவிட்டு அரைகுறையாக மாவை ஆட்டி அனுப்பினேன். "இட்லியைத் தூக்கி எதிர்க்கட்சி வக்கீல்மேல எறியலாம் போல இருக்கேய்யா" என்று ஒரு குமாஸ்தா சொன்னது என் காதுக்கு வந்தது. போதாததற்கு, போடப் போட மெழுகு தேய்ந்து பாட்டு மங்கிக்கொண்டே வந்தது. பெட்டிக்குள் இருந்த அத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அழு. அழுது முடிச்சிட்டுச் சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பெட்டிக்குச் சாவி கொடுத்து, மாமியாரைத் தொட்டிலடியில் உட்காரவைத்துவிட்டுப் பின்தாழ்வாரத்துக்குப் போனேன். உளுந்தைக் கொட்டி, கோபம் முழுவதையும் குழவியில் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் மாமியார் நிலையில் வந்து நின்று வாயில் விரலை வைத்தார். பிள்ளை தூங்கிவிட்டது.

அன்றைக்கு வீட்டில் ஒரே கொண்டாட்டம். பெட்டி பலித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் கோரிப்பாளையத்துக்கே ஓடினார். "மாஷா அல்லா! நான் சொன்னேன்ல மாப்ள!" என்று பாய் வந்து பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் பெட்டி ராச்சியம்தான். சனிக்கிழமை வந்தது, பெட்டி பாடியது, பிள்ளை தூங்கவில்லை. "எந்திரமா இருந்தாலும் சனி சும்மா விடுவாரா?" என்று மாமியார் எள்ளை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் சுருள்வில் அறுந்துபோனது. பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கிளப்பைத் திறந்தாக வேண்டும். மாமியாருக்கோ தலைவலி, படுத்துவிட்டார். வேறு வழி இல்லாமல் அழுகிற பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஓடிப்போய் ஆட்டுரலில் உட்கார்ந்தேன். சீக்கிரம் ஒரு ஈடு எடுத்துவிட்டு வந்து தூக்கிக்கொள்ளலாம் என்று குழவியைச் சுற்றினேன். அழுகை இறங்கியது. விக்கலாயிற்று. அப்புறம் சத்தமே இல்லை.

பயந்துபோய்க் கையை எடுத்தேன். எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்திருப்பதற்குள் தொட்டிலில் சிணுங்கல் கேட்டது. உட்கார்ந்து சுற்றினேன். சிணுங்கல் நின்றது. நிறுத்தினேன். சிணுங்கியது. சுற்றினேன். நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறந்ததிலிருந்து அவள் மத்தியானத்தில் தூங்கியதெல்லாம் இந்தக் கல்லின் சத்தத்தில். பாட்டு அதற்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் தாலாட்டப் போனபோதெல்லாம் கல்லை விட்டுவிட்டுத்தானே போனேன்? சனிக்கிழமைகளில் கல் சும்மா கிடந்ததே? பெட்டியில் பாட்டைப் பதித்த அன்றைக்கு, இந்தக் கல்லைப் பிடுங்கித் தொட்டிலில் போட்டுவிட்டு அல்லவா பதித்தோம்? சனி பகவான்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஈரக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். முகமெல்லாம் மாவு. எத்தனையோ மாதமாக நெஞ்சில் இருந்த ஒன்று இறங்கிப்போய், உடம்பே லேசானது. என் பிள்ளை என்னைத் தள்ளவே இல்லை. அவள் தூங்கியது என்னிடம்தான். அழுதுகொண்டேகூட ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தேன், நிறுத்த பயம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிடி அரிசியைப் போட்டுச் சும்மா ஆட்டினேன். பிள்ளை தூங்கியது. மாமியார் தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த எள்ளைப் பார்த்தார். "அப்ப இம்புட்டு நாளா காக்காதான் தின்னு கொழுத்துச்சா?" என்றார்.

எல்லாம் சரியானபிறகு எனக்கு நாத்தனாரை நினைத்துக் கவலை வந்தது. உன் பாட்டு இல்லாமலே பிள்ளை தூங்குகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஊரைவிட்டுப் போகும்போது அவள் இங்கே விட்டுப்போனது அந்த ஒன்றைத்தான். ஆடி பிறந்ததும் என் வீட்டுக்காரர் போய்ப் புதுப்பெண்ணை அழைத்துவந்தார். இளைத்துக் கறுத்து வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளை தூங்குதா மதினி?" என்றுதான் கேட்டாள்.

மறைக்க எனக்கு வராது. அடுப்படியில் உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அங்கிட்டு மத்தியானம் ஆனா எனக்குச் சோறு எறங்காது மதினி. இந்நேரம் அழுதுகிட்டுக் கெடக்குமே, ஆசை காட்டிட்டு வந்துட்டமேன்னு கொடிக்காலுக்குள்ள போய் ஒக்காந்து அழுவேன். என்னமோ ஏதோன்னு எங்க மாமியா மந்திரிக்கக்கூடக் கூட்டிட்டுப் போனாக. கடைசில கல்லுச் சத்தமா? அம்புட்டு அழுகையும் வீணாவா அழுதேன்?" சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "உசுரு வந்துச்சு மதினி. இனி நான் நிம்மதியா அங்கன குடும்பம் பண்ணுவேன்" என்றாள்.

அந்த வாரமே பாய் சுருள்வில்லை மாற்றிப் பெட்டியைக் கொண்டுவந்தார். தேய்ந்த பாட்டை நாத்தனாருக்குப் போட்டுக் காட்டினோம். தலையைச் சாய்த்துக் கேட்டவள், பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இது நம்ம பாட்டே இல்லண்ணே. மொட்டையா இருக்கு. சீவிருங்க."

தொட்டிலை அவிழ்த்து வந்து பின்தாழ்வாரத்து விட்டத்தில், ஆட்டுரலுக்குப் பக்கத்திலேயே கட்டினோம். பாய் மெழுகைச் சீவி, பெட்டியையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை தொட்டிலில் போட்டது பிள்ளையை. அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டார் பாய். குழவி உரலில் இருந்தது, நான் குழவியில் இருந்தேன். "ம், ஆட்டுங்க மதினி" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டை எடுத்தாள். அத்தை வந்தாள், கிலுகிலுப்பை வந்தது. யானை வருவதற்கு முன்னாலேயே பிள்ளைக்குக் கண் சொருகிவிட்டது.

பாட்டு முடிந்ததும் பாய் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார், போதும் என்று. எனக்கு மனது வரவில்லை. பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தது. அந்த மெழுகைப் பிற்பாடு எப்போது போட்டாலும், நாத்தனார் பாடி ஓய்ந்தபிறகு மெழுகு தீரும்வரை என் கல் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.